அவையில் எழுதிக்கொண்டிருந்தவர்

இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் சர் சைமண்ட்ஸ் டியூஸ் எழுதுவது பலருக்குப் பிடிக்கவில்லை. சுற்றிலும் அனல் பறக்க விவாதம் நடக்கும்போது ஒருவர் மட்டும் தலையைக் குனிந்து தாளில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். அந்தக் காலத்தில் அவைக்குள் பேசியது வெளியே போகக் கூடாது. போனால் ஆபத்து. 1629இல் அரசர் முதலாம் சார்லஸை எதிர்த்துப் பேசிய சர் ஜான் எலியட் லண்டன் கோட்டைச் சிறைக்குப் போனார். 1632இல் அங்கேயே இறந்தார். அதைப் பார்த்தவர்கள் 1640களின் அவையில் நிறையப் பேர் இருந்தார்கள். குறிப்பெடுப்பதை நிறுத்த வேண்டும் என்று ஒருமுறை பேச்சு எழுந்தது. டியூஸ் எழுந்து பதில் சொன்னார். அதன் சாரம் இது: எழுத விடாவிட்டால் இங்கே சிலர் செய்வதைப்போல உட்கார்ந்து தூங்க வேண்டியதுதான், இல்லையென்றால் வேறு சிலரைப்போல நாடகம் பார்க்கப் போக வேண்டியதுதான்.

இப்படி ஒரு பதில் சொன்ன ஆளுக்கு அவையில் எத்தனை நண்பர்கள் இருந்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல.

ஸ்டூவர்ட் காலத்து இங்கிலாந்து என்றால் நமக்குத் தெரிந்த பெயர்கள் நான்கைந்துதான். தலை வெட்டப்பட்ட சார்லஸ், அவரை வென்ற ஆலிவர் கிராம்வெல், எதிர்ப்பை நடத்திச் சென்ற ஜான் பிம், கப்பல் வரி கட்ட மறுத்த ஜான் ஹாம்டன். ஆனால் 1640 நவம்பர் 3ஆம் தேதி கூடிய நெடு நாடாளுமன்றத்தில் ஐந்நூறு பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் மாவட்டத்து நிலக்கிழார்கள், வழக்கறிஞர்கள், வணிகர்கள். அமைச்சர் ஆகவில்லை, படை நடத்தவில்லை, பெயர் சொல்லும்படி ஒரு சட்டமும் கொண்டுவரவில்லை. டியூஸ் அவர்களில் ஒருவர். சஃபோக் மாவட்டத்தில் உள்ள சட்பரி என்ற சிறு நகரத்தின் உறுப்பினர். அந்த அவையின் போக்கை அவர் ஒரு அங்குலம்கூட மாற்றவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த அவைக்குள் ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறதென்றால் அதில் பெரும்பங்கு அவருடையது.

அவையின் அதிகாரபூர்வக் குறிப்பேடு என்று ஒன்று இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. எழுத்தர் அதில் தீர்மானங்களை மட்டும் பதிவார்: இன்ன மசோதா இரண்டாம் முறை வாசிக்கப்பட்டது, இன்ன குழுவுக்கு அனுப்பப்பட்டது, அவ்வளவுதான். யார் என்ன சொன்னார், யார் கத்தினார், யார் வெளிநடப்புச் செய்தார் என்பதற்கு அதில் இடமில்லை. எலும்பு அங்கே இருக்கிறது. சதைக்கு உறுப்பினர்களின் தனி நாட்குறிப்புகளைத்தான் நாட வேண்டும். சர் ரால்ஃப் வெர்னி பென்சிலால் எழுதினார். ஃப்ராம்லிங்ஹாம் காடி எழுதினார், ஜான் மூர் எழுதினார். ஆனால் நீளத்திலும் விடாப்பிடியிலும் டியூஸுக்கு அருகில் யாரும் வரவில்லை. 1640 முதல் 1645 வரை ஐந்து ஆண்டுகள். ஐந்து பெரிய தொகுதிகள்.

அவருடைய தாத்தா லண்டனில் ஓர் அச்சுத் தொழிலாளி. இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டியூஸ் இதைச் சொல்லியிருக்க மாட்டார். கெரார்ட் டியூஸ் என்ற அந்தத் தாத்தா நெதர்லாந்துப் பகுதியிலிருந்து வந்த குடும்பத்தவர், புனித பவுல் தேவாலய வளாகத்தில் புத்தகம் அச்சிட்டு விற்றவர். கடைக்கு ஒரு சின்னம் வைத்திருந்தார்: மேல்மாடத்து அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து பகடை உருட்டுகிறார்கள். மேல்மாடத்துக்கு ஆங்கிலத்தில் காரெட். பகடையில் இரண்டு விழுந்தால் டியூஸ். காரெட் டியூஸ் என்ற தன் பெயரையே படமாகப் போட்டுவிட்டார் மனிதர். நல்ல நகைச்சுவை உணர்வு. பேரனுக்கு அது துளியும் வாய்க்கவில்லை. தம் வம்சம் கெல்டர்லாந்தின் கெசல் பிரபுக்களிடமிருந்து வந்தது என்று நிறுவ அவர் ஆயுள் முழுவதும் ஆவணம் தேடினார். அச்சுக்கடை அந்தக் கதையில் தலைகாட்டாது.

தாத்தா சம்பாதித்ததை அப்பா பால் டியூஸ் பெருக்கினார். சான்சரி நீதிமன்றத்தில் 'ஆறு எழுத்தர்கள்' என்று ஒரு பதவி இருந்தது. பெயர்தான் எழுத்தர், வழக்குத் தாள் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் கொட்டும் இடம் அது. அந்தப் பதவியை விலைகொடுத்து வாங்கி, அந்தப் பணத்தில் சஃபோக்கில் ஸ்டோலாங்டாஃப்ட் என்ற ஊரில் பண்ணையும் மாளிகையும் வாங்கினார். இரண்டே தலைமுறையில் அச்சுக்கடையிலிருந்து மாளிகை. ஸ்டூவர்ட் காலத்து நாடாளுமன்றத்தில் உட்கார்ந்த பல 'பரம்பரைப் பெருமக்கள்' இப்படி வந்தவர்கள்தான்.

சைமண்ட்ஸ் பிறந்தது 1602 டிசம்பர் 18ஆம் தேதி, டார்செட்டில் தாய்வழித் தாத்தா வீட்டில். பிரசவத்தில் மருத்துவச்சியின் கைபட்டு வலக்கண்ணில் காயம். அந்தக் கண்ணால் அவரால் கடைசிவரை படிக்க முடியவில்லை. பழைய தோல் சுவடிகளில் மங்கிப்போன லத்தீன் எழுத்தைப் படிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர், அதை ஒற்றைக் கண்ணால் செய்தார்.

கேம்பிரிட்ஜில் புனித ஜான் கல்லூரி, பிறகு லண்டனில் மிடில் டெம்பிள் சட்டக்கழகம். 1623இல் வழக்கறிஞரானார். ஆனால் வழக்காடுவதில் மனம் ஒட்டவில்லை. லண்டன் கோட்டையில் அரசாங்கத்தின் பழைய பதிவேடுகள் சுருள் சுருளாகக் கிடந்தன. அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். பழந்தேடலில் அன்று பெயர்பெற்ற சர் ராபர்ட் காட்டனின் நண்பரானார். காட்டனின் நூலகம் சாதாரண நூலகம் அல்ல. அரசரை எதிர்த்துப் பேச நினைத்தவர்கள் ஆயுதம் எடுத்த இடம் அது. ஒரு வரி செல்லுமா, ஒருவரைக் காரணம் சொல்லாமல் சிறையில் வைக்கலாமா என்ற கேள்வி வந்தால், அந்தக் காலத்து இங்கிலாந்தில் யாரும் 'எது நியாயம்' என்று தொடங்க மாட்டார்கள். 'முன்பு என்ன நடந்தது' என்றுதான் தொடங்குவார்கள். மூன்றாம் எட்வர்டு ஆட்சியில் என்ன செய்தார்கள்? ஆறாம் ஹென்றி காலத்தில்? பதில் சுருளில் இருக்கும். சுருளை யார் வைத்திருக்கிறாரோ அவர் கையில் வாதம். 1629இல் அரசர் காட்டனின் நூலகத்தையே பூட்டி முத்திரை வைத்தது இதனால்தான்.

டியூஸின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நம்பிக்கையைப் புரிந்துகொண்டால் போதும் என்பது என் எண்ணம். நாட்டின் எந்தச் சிக்கலுக்கும் விடை பழைய ஆவணத்தில் எங்கோ இருக்கிறது; அதைத் தேடி எடுத்து வாசித்துக் காட்டினால் சண்டை தீர்ந்துவிடும். அவர் அதை உண்மையாகவே நம்பினார். எலிசபெத் ராணி காலத்து நாடாளுமன்றங்கள் அனைத்தின் குறிப்பேடுகளையும் இளவயதிலேயே பிரதியெடுத்துத் தொகுத்தார். அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின் 1682இல் அது அச்சேறியது. எலிசபெத்தின் கடைசி இருபது ஆண்டுகளுக்கான காமன்ஸ் குறிப்பேடுகளின் மூலம் பின்னாளில் தொலைந்துபோயிற்று. டியூஸ் பிரதியெடுத்திருக்காவிட்டால் அந்த இருபது ஆண்டுகள் பெரும்பாலும் வெற்றிடமாக இருந்திருக்கும்.

கண்ணால் கண்டதை எழுதுவதிலும் அவருக்குக் கை நேர்த்தி இருந்தது. 1626 பிப்ரவரி 2ஆம் தேதி சார்லஸின் முடிசூட்டு விழா. அரசரின் படகு காட்டன் வீட்டுத் தோட்டத்துப் படித்துறையில் வந்து சேரும் என்று காட்டன் கம்பளம் விரித்துக் காத்திருந்தார். படகு அதைத் தாண்டிப் போய், நாடாளுமன்றப் படித்துறைக்கு அருகில் தரைதட்டி நின்றது. அரசர் பக்கத்துப் படகுகளில் கால்வைத்துத் தாவிக் கரையேற வேண்டியதாயிற்று. டியூஸுக்கு உள்ளே போக அனுமதி கிடையாது. கூட்டம் குறைந்த ஒரு கதவைக் கண்டுபிடித்து, காவலன் கண்டும் காணாமல் இருக்க, உள்ளே நுழைந்துவிட்டார். அங்கே அவர் கண்டது: தலையில் ஏதுமின்றி நின்ற அரசரை மக்கள்முன் நிறுத்தி, இவரை ஏற்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. அரண்டல் பிரபு 'கடவுள் அரசரைக் காப்பாராக என்று கத்துங்கள்' என்று சொல்லிக்கொடுத்த பிறகே கூட்டம் வாய்திறந்தது. இருபத்துமூன்று வருடம் கழித்து அந்த அரசருக்கு நேர்ந்ததை வைத்து இதற்கு அர்த்தம் கற்பிப்பது சுலபம். அன்று அங்கிருந்தவர்களுக்கு எப்போது கத்த வேண்டும் என்று தெரியாமலும் இருந்திருக்கலாம்.

அதே ஆண்டு அக்டோபரில் அவருக்குத் திருமணம். மணப்பெண் ஆன் கிளாப்டன்; லாங் மெல்ஃபோர்டின் கென்ட்வெல் மாளிகைக்கு வாரிசு. வயது பதின்மூன்று. அவருக்கு இருபத்துமூன்று. பெண்ணின் சொத்தைவிட அவளுடைய வம்சாவளி அவரை மயக்கியது. அந்தப் பழங்குடும்பத்தின் குலச்சின்னங்களை எண்ணிப் பார்த்து அவர் மகிழ்ந்ததை அவர் எழுத்திலேயே காணலாம். எனக்கு இந்த மனிதர்மேல் எரிச்சல் ஏறும் இடங்களில் இது ஒன்று. ஆனால் சில பக்கங்கள் தள்ளி வேறொன்று வருகிறது. அவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தைகள் மூவர் பிறந்த கையோடு இறந்தார்கள். நான்காவது கிளாப்டன் என்ற மகன் தவழ்ந்து நடக்கும் வயதுவரை வந்து, 1636இல் போய்விட்டான். அவனுடைய சாம்பல் நிறக் கண்களின் ஒளி எங்கள் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது, அதனால் முன்பு போன மூவருக்காகவும் பட்ட துயரத்தைவிட இவனுக்கான துயரம் பெரிது என்று எழுதுகிறார். அந்த மூவரோடு பழகவே நேரம் கிடைக்கவில்லையே என்று காரணமும் சொல்கிறார். அந்தக் காலத்தில் குழந்தைகள் நிறைய இறந்ததால் பெற்றோருக்குப் பழகிப்போயிருக்கும் என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

அவர் பியூரிட்டன், அதாவது திருச்சபையை இன்னும் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற கட்சி. தனியாகவும் மனைவியோடும் உபவாசம் இருப்பார். தமக்கு மீட்பு உறுதிதான் என்பதற்கான அடையாளங்களை அறுபதுக்கும் மேலாகப் பட்டியலிட்டு வைத்திருந்தார். சொர்க்கத்துக்குக்கூட ஆவணச் சான்று தேவைப்பட்டது அவருக்கு.

1639இன் இறுதியில் சஃபோக்கின் ஷெரீஃபாக, அதாவது மாவட்டத்தில் அரசரின் அதிகாரியாக, நியமிக்கப்பட்டார். யாரும் விரும்பாத பதவி. காரணம் கப்பல் வரி. போர்க்காலத்தில் கடற்கரை ஊர்களிடம் கப்பல் கேட்பது பழைய வழக்கம். சார்லஸ் அதைப் பணமாக்கி, 1635 முதல் நாடு முழுவதற்கும் விரித்து, அமைதிக் காலத்திலும் ஆண்டுதோறும் வசூலித்தார். பதினோரு ஆண்டுகளாக நாடாளுமன்றமே கூட்டப்படாத காலம் அது. யாருடைய ஒப்புதலும் இல்லை. சஃபோக்கின் பங்கு 8,000 பவுண்டு. வசூலிக்க வேண்டியவர் ஷெரீஃப்; குறைந்தால் அவர் தலையில் விழும். வரி சட்டவிரோதம் என்று சுருள்களைப் புரட்டி முடிவுகட்டிவைத்திருந்த டியூஸுக்கு இந்த வேலை வந்து சேர்ந்தது. பதவியை உதறினாரா? இல்லை. வசூலித்தாரா? அதுவும் பெரிதாக இல்லை. மாவட்டம் வறண்டுகிடக்கிறது, மக்களிடம் பணம் இல்லை என்று லண்டனுக்குக் கடிதம் எழுதிக் காலம் கடத்தினார். நாடெங்கும் ஷெரீஃபுகள் அந்த ஆண்டு இதையேதான் செய்தார்கள். வீரவசனம் எதுவும் இல்லாமல் அரசரின் கஜானா காலியானது. அரசர் நாடாளுமன்றத்தைக் கூட்ட நேர்ந்ததற்கு ஹாம்டனின் புகழ்பெற்ற வழக்கு எவ்வளவு காரணமோ, இந்த இழுத்தடிப்பும் அவ்வளவு காரணம்.

1640 அக்டோபரில் தேர்தல். சஃபோக் மாவட்டத்தின் இரண்டு இடங்களுக்கு இப்ஸ்விச்சில் வாக்கெடுப்பை நடத்த வேண்டியவர் ஷெரீஃப் டியூஸ்தான். அன்றைய தேர்தலில் பெரும்பாலான ஊர்களில் வாக்கெடுப்பே நடக்காது. பெரியமனிதர்கள் முன்கூட்டியே பேசி முடித்துவிடுவார்கள். சஃபோக்கில் மூவர் நின்றதால் தலை எண்ண வேண்டியதாயிற்று. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் இருந்தால் வாக்கு. வரிசையில் சில பெண்களும் வந்து நின்றார்கள். கைம்பெண்கள், தம் பெயரிலேயே நிலம் உள்ளவர்கள். எழுத்தர்கள் அவர்கள் பெயரையும் பதிந்துகொண்டார்கள். செய்தி ஷெரீஃபுக்குப் போனதும் உடனே ஆள் அனுப்பி அந்த வாக்குகளை நீக்கச் சொன்னார். அதற்கு அவர் எழுதிவைத்த காரணத்தைப் பாருங்கள். பெண்களின் வாக்கைப் பயன்படுத்திக்கொள்வது கண்ணியமான எந்த மனிதருக்கும் அழகல்ல என்கிறார். கூடவே, சட்டப்படி பார்த்தால் அனுமதித்திருக்கலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

வாழ்நாள் முழுவதும் முன்னுதாரணத்தையும் சட்டத்தையும் கட்டி அழுத மனிதர், சட்டம் ஒரு பக்கமும் தம் வர்க்கத்தின் கௌரவம் மறுபக்கமும் நின்றபோது கௌரவத்தின் பக்கம் போனார். அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். இங்கிலாந்தில் பெண்களின் வாக்குரிமையைச் சட்டம் 1832இல்தான் வெளிப்படையாக மறுத்தது. அதற்கு முன் தடையாக இருந்தது பெரும்பாலும் வழக்கம்தான் என்பதற்கு இந்த ஒற்றைக் குறிப்பைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

நெடு நாடாளுமன்றத்தில் அவர் போய் உட்கார்ந்த இடம் வெஸ்ட்மின்ஸ்டரில் புனித ஸ்டீஃபன் தேவாலயம். ஒரு காலத்து அரசகுலத் தனிக்கோயில். அகலம் முப்பது அடிக்குச் சற்று மேல், நீளம் அதைப்போல இரண்டு மடங்குகூட இல்லை. அதற்குள் ஐந்நூறு பேருக்கு இடமிருக்காது. எல்லாரும் ஒரே நாளில் வந்ததும் இல்லை. எதிரெதிராக நீண்ட இருக்கைகள், கோடியில் சபாநாயகர், அவர்முன் எழுத்தரின் மேசை. காலை எட்டு மணி வாக்கில் தொடங்குவார்கள். மாலையில் இருட்டிவிட்டால் மெழுகுவத்தி கொண்டுவரலாமா என்பதற்கே அவையின் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்றால் கலைந்து போக வேண்டியதுதான். ஆகவே விவாதத்தில் தோற்கும் தரப்பு இருட்டுக்காகக் காத்திருக்கும். 1641 ஜூன் 8ஆம் தேதி மாலை இந்தச் சண்டை முற்றியது. ஒரு பாதி மெழுகுவத்தி கேட்டுக் கத்த, மறுபாதி போகலாம் என்று கத்த, சர் வில்லியம் விட்ரிங்டனும் ஹெர்பர்ட் பிரைஸும் மெழுகுவத்தியை அவைக்காவலர் கையிலிருந்து பிடுங்கி உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். மறுநாள் இருவரையும் லண்டன் கோட்டைச் சிறைக்கு அனுப்பியது அவை. மெழுகுவத்தி ஏற்றியதற்குச் சிறை!

இந்தக் கூட்டத்தில் டியூஸுக்கு ஒரு வேலை அமைந்தது. நடைமுறையில் ஐயம் வந்தால் எழுந்து முன்னுதாரணம் சொல்வார். எந்த ஆண்டு, எந்தச் சுருள் என்று பிசகாமல் வரும். தொடக்க மாதங்களில் அவைக்கு அது பயன்பட்டது. அரசரின் ஆட்கள் செய்தது வழக்கத்துக்கு விரோதம் என்று காட்ட இப்படி ஒருவர் தேவை. ஆனால் எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. 1641 ஜனவரியில் ஒரு வரி மசோதாவில் இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயரும் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டை முதலில் போடுவதா, கேம்பிரிட்ஜையா? டியூஸ் எழுந்துவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வீடுகூட எழும்புவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேம்பிரிட்ஜ் புகழ்பெற்ற நகரம் என்று பழைய பிரிட்டானியர் காலம்வரை போய் ஆதாரம் அடுக்கினார். வடக்கே ஸ்காட்லாந்துப் படை இங்கிலாந்து மண்ணில் முகாமிட்டிருக்கிறது, அரசரின் முதன்மை ஆலோசகர் ஸ்ட்ராஃபோர்டு பிரபு சிறையில் விசாரணைக்குக் காத்திருக்கிறார், இவர் கேம்பிரிட்ஜின் வயதைக் கணக்கிடுகிறார். அந்தப் பேச்சைத் தனியாக அச்சிட்டும் வெளியிட்டார்கள்.

அவருடைய நாட்குறிப்பைப் படிக்கும்போது கவனமாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். பிம் பேசியது ஓரிரு வரியில் முடிந்துவிடும். டியூஸ் பேசியது பக்கம் பக்கமாக ஓடும். தம் பேச்சு கேட்டு அவை மெச்சியதாகவும் அடிக்கடி எழுதுவார். படிக்கிறவர் இதில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்துகொள்ள வேண்டும். மற்றவர்களைப் பற்றி எழுதும்போது அவருக்குப் பொய் சொல்லும் அளவு கற்பனை இல்லை. அது நம் அதிர்ஷ்டம்.

சில நாள் அவர் கையைவிட்டும் போயிற்று. 1641 நவம்பர் 22ஆம் தேதி, அரசரின் ஆட்சிக் குற்றங்களைப் பட்டியலிட்ட மாபெரும் கண்டன அறிக்கைமீது விவாதம். நள்ளிரவைத் தாண்டி, 159க்கு 148 என்று பதினொரு வாக்கில் நிறைவேறியது. அதை அச்சிடுவதா என்ற சண்டையில் உறுப்பினர்கள் வாளுறையில் கைவைத்தார்கள். அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய இரவு. டியூஸ் சாயங்காலமே உடம்பு சரியில்லை என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆறு வாரம் கழித்து, 1642 ஜனவரி 4ஆம் தேதி, அவர் இருக்கையில் இருந்தார். (அவர் தாள்களில் இது 1641 என்றே இருக்கும், அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும்.) பிம், ஹாம்டன், ஹோல்ஸ், ஹேசல்ரிக், ஸ்ட்ரோடு என்ற ஐவரையும் ராஜதுரோகக் குற்றத்தில் கைதுசெய்ய அரசரே சில நூறு ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வருகிறார் என்று செய்தி வந்தது. ஐவரும் ஆற்றுவழியே தப்பினார்கள். ஸ்ட்ரோடு மட்டும் போக மாட்டேன் என்று முரண்டுபிடிக்க, பழைய நண்பர் சர் வால்டர் ஏர்ல் அவருடைய மேலங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பிற்பகல் மூன்று மணிக்குமேல் அரசர் உள்ளே வந்தார். ராக்ஸ்பரோ பிரபு கதவில் சாய்ந்து அதைத் திறந்தபடியே வைத்திருந்தார். வெளியே நிற்கும் வாள்களும் கைத்துப்பாக்கிகளும் உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தன. அரசர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சபாநாயகரின் இருக்கை நோக்கி நடந்தார். ஐவரும் எங்கே என்று கேட்டார். சபாநாயகர் லென்டால் மண்டியிட்டு, இந்த அவை கட்டளையிடுவதைத் தவிர எனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்று பொருள்படச் சொன்னார். பறவைகள் பறந்துவிட்டன என்று அரசர் கண்டுகொண்டார். வந்தபோது இருந்ததைவிட அதிகக் கோபத்தோடும் அதிருப்தியோடும் வெளியே போனார் என்று டியூஸ் குறித்துவைத்திருக்கிறார். ஓர் அரசரின் முகம் மாறியதை ஒற்றைக் கண்ணால் கவனித்த குறிப்பு அது.

இதற்கு முன்னுதாரணம் இல்லை. இங்கிலாந்து அரசர் எவரும் காமன்ஸ் சபைக்குள் இப்படி வந்ததில்லை. டியூஸின் சிக்கல் இங்கே தொடங்குகிறது என்று சொல்லலாம். அடுத்த சில மாதங்களில் அவையும் முன்னுதாரணம் இல்லாத காரியங்களைச் செய்யத் தொடங்கியது: அரசரின் கையொப்பம் இல்லாமல் சட்டம், நாடாளுமன்றத்தின் பெயரில் படை. கேட்டால் அவசரம் என்றார்கள். அவர் சுருளைத் தேடினார். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. முன்னே பாய்ந்தவர்களை 'தீப்பொறி ஆசாமிகள்' என்ற பொருளில் நாட்குறிப்பில் திட்டத் தொடங்கினார். 1642 ஜூலையில் அவையின் அறிக்கை ஒன்றைக் குறைசொல்லிப் பேசியபோது பிடித்துக்கொண்டார்கள். வெளியேறி நிற்கச் சொல்லி, மன்னிப்பும் கேட்கவைத்தார்கள். அதன் பிறகு அவர் பேசுவது குறைந்தது. எழுதுவது நிற்கவில்லை.

அரசர் பக்கம் போகவும் இல்லை. 1641 ஜூலையில் அரசர் கொடுத்த பரோனெட் என்ற பரம்பரைப் பட்டத்தை அவர் வாங்கிக்கொண்டவர்தான்; அதே மாதம் மனைவி ஆன் பெரியம்மையில் இறந்தார். தம்பி ரிச்சர்ட் அரசரின் படையில் சேர்ந்து 1643 ஏப்ரலில் ரெடிங் முற்றுகையில் உயிர்விட்டான். அண்ணன் எதிர்த்தரப்பின் அவையில் உட்கார்ந்து அந்த வாரத்து நடவடிக்கைகளைக் குறித்துக்கொண்டிருந்தார். மதத்தில் நாடாளுமன்றத்தோடு ஒத்துப்போனார், முறையில் ஒத்துப்போகவில்லை. சண்டையில் இருபுறமும் நின்ற ஆயிரக்கணக்கானோரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. வரலாற்றுப் புத்தகங்கள் 'அரசர் கட்சி, நாடாளுமன்றக் கட்சி' என்று கோடு கிழிக்கும்போது விடுபட்டுப்போவது இத்தகையவர்களே.

1645இல் நாட்குறிப்பு நிற்கிறது. 1648 டிசம்பர் 6ஆம் தேதி காலை நாடாளுமன்றப் படையின் கர்னல் பிரைடு கையில் பட்டியலோடு அவையின் படிக்கட்டில் நின்றார். அரசரோடு இன்னும் சமரசம் பேசலாம் என்று நினைத்தவர்கள் உள்ளே போக முடியாது. டியூஸின் பெயரும் வெளியே நிறுத்தப்பட்டவர்களில் இருந்தது. எட்டு வாரத்தில் அரசரின் தலை விழுந்தது. டியூஸ் தாம் தொகுத்துவந்த ஆங்கிலோ-சாக்சன் (பழைய ஆங்கில) அகராதிக்குத் திரும்பினார். அதை முடிக்கவில்லை. 1650 ஏப்ரல் 18ஆம் தேதி இறந்தபோது வயது நாற்பத்தேழு.

தம் நூலகத்தைப் பற்றி உயிலில் கண்டிப்பாக எழுதியிருந்தார்: பிரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, அப்படியே முழுதாக இருக்க வேண்டும், கல்வியில் நாட்டமுள்ளவர்கள் வந்து பார்க்கட்டும். இரண்டாம் மனைவிக்குப் பிறந்த மகன் அதைக் காத்தார். பேரன் 1705இல் ராபர்ட் ஹார்லி என்ற அரசியல்வாதிக்கு விற்றார். விலை 450 பவுண்டு. ஹார்லி குடும்பம் சேர்த்த கையெழுத்துப் பிரதிகள் முழுவதையும் 1753இல் நாடாளுமன்றம் 10,000 பவுண்டு கொடுத்து நாட்டுக்காக வாங்கியது. அதுவே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அடித்தளச் சேகரிப்புகளில் ஒன்று. அச்சுத் தொழிலாளியின் பேரன் எழுதிய நாட்குறிப்பு அச்சேற ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1923இல் முதல் பகுதியை வெளியிட்டது. மூலம் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது, ஹார்லி 162 முதல் 166 வரை. யார் வேண்டுமானாலும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். கையெழுத்து மோசம் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.